கைட்சர்ஃபிங் லைன்: நான்கா ஐந்தா, 20 மீட்டரா 24 மீட்டரா? தேர்வு முதல் சமப்படுத்துவது வரை

கைட்சர்ஃபிங்கில் பலகையில் நிற்கும் நம்மைத் தண்ணீர்மேல் இழுப்பது கைட் என்ற பெரிய பட்டம், அதை நம் கையோடு இணைக்கும் கயிறுகள்தான் லைன்கள். கைட் சரியாகப் பறக்கவில்லை என்றால் எல்லோருக்கும் முதலில் கைட் மீதுதான் சந்தேகம் வரும். அப்புறம் காற்றைத் திட்டுவோம். கைட்டின் பின்பக்கத்துக்குப் போகும் பின்லைன் இரண்டு விரற்கடை கட்டையாகிவிட்டது என்பது கடைசியில்தான் தோன்றும், சிலருக்குத் தோன்றவே தோன்றாது. அதற்குள் அந்தக் கைட்டைப் பாதி விலைக்கு விற்றிருப்பார்கள்.

லைன் வாங்குவதில் பலரும் நீளத்திலிருந்து தொடங்குகிறார்கள். "20 நல்லதா, 24 நல்லதா?" என்பதுதான் முதல் கேள்வி. என் கருத்தில் அது மூன்றாவது கேள்வி. கைட் எந்த அமைப்புக்காக வடிவமைக்கப்பட்டது என்பது முதலாவது. முன்லைன்கள் எங்கே பிரிகின்றன என்பது இரண்டாவது. நீளம் அதற்குப் பிறகு வரும். இவை மூன்றையும் விட ஒரு கைட்டின் குணத்தை அதிகம் மாற்றுவது லைன்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கின்றனவா என்பதுதான். அதற்குக் காசு தேவையில்லை, ஓர் ஆணியும் அரை மணி நேரமும் போதும். ஏற்கெனவே பார், அதாவது லைன்கள் கட்டிய கைப்பிடித் தண்டு, வைத்திருப்பவர்கள் புது லைன் வாங்கும் முன் ஐந்தாம் படியை முதலில் செய்துவிட்டு வாருங்கள். வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

இங்கே சொல்வதெல்லாம் காற்றடைத்துப் பறக்கவிடும் வழக்கமான கைட்டுகளுக்கானது. உதாரணங்களைப் பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடலிலிருந்தும் இலங்கையின் கற்பிட்டிக் களப்பிலிருந்தும் எடுத்திருக்கிறேன். தமிழில் படிக்கிற பலர் முதலில் தண்ணீரில் இறங்கும் இடங்கள் அவைதான்.

எந்த லைன் என்ன வேலை செய்கிறது

நடுவில் இருந்து போகும் இரண்டும் முன்லைன்கள். கைட்டின் காற்றடைத்த முன்விளிம்போடு சேர்பவை. இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸில் மாட்டியிருக்கும் சிக்கன் லூப் என்ற வளையம் வழியாக எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது இவைதான். பாரின் இரு முனைகளிலிருந்து போகும் இரண்டும் பின்லைன்கள். திருப்புவதும், பாரை இழுக்கும்போது கைட்டின் பின்பக்கத்தைக் கீழே இழுத்து வேகம் தருவதும் இவற்றின் வேலை.

பாரைத் தள்ளினால் பின்லைன் தளரும், கைட் காற்றை வழுக்கவிடும், இழுவை குறையும். பாரை இழுத்தால் நேர்மாறு. ஆக, முன்லைனுக்கும் பின்லைனுக்கும் உள்ள நீள வித்தியாசம்தான் கைட்டின் ஆக்ஸிலரேட்டர். இந்த ஒன்று புரிந்துவிட்டால் கீழே வருவது எல்லாம் சுலபம்.

முதல் படி: நான்கா, ஐந்தா

1984-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெனூ சகோதரர்கள் காற்றடைத்த கைட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1997-இல் விப்பிக்கா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஆரம்பக் கைட்டுகளில் இரண்டே லைன். திருப்பலாம், ஆனால் வேகத்தைக் குறைக்க வழியில்லை. நான்கு லைன் வந்தபோதுதான் அது சாத்தியமானது. ஆனாலும் அன்றைய சி வடிவக் கைட்டுகளில் பாரை முழுக்கத் தள்ளினாலும் இழுவை பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். விழுந்தால் தண்ணீரிலிருந்து எழுப்புவதும் பெரும்பாடு. இந்த இரண்டு குறைக்கும் மருந்தாகத்தான் ஐந்தாவது லைன் வந்தது. அது கைட்டின் முன்விளிம்பு நடுவிலிருந்து நேராக உங்கள் லீஷ், அதாவது உங்களைக் கைட்டோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிறு, வரை வரும். சேஃப்டியை, அதாவது அவசர விடுவிப்பை, இயக்கினால் கைட் அந்த ஒற்றை லைனில் தொங்கி, காற்றைப் பிடிக்க இடமில்லாமல் தண்ணீரில் கிடக்கும்.

2005 வாக்கில் புரூனோ லெகெனூவின் 'போ' (வில்) கைட் வந்தது. முன்விளிம்பில் பல இடங்களில் கட்டிய பிரைடில், அதாவது நம்மூர்ப் பட்டத்தின் சூத்திரம், யாழ்ப்பாணத்தார் முச்சை என்பார்களே, அது. பாரை விட்டால் இழுவை ஏறக்குறைய முழுவதும் போய்விடும். ஐந்தாவது லைன் செய்த வேலையின் பெரும்பகுதி அதோடு தேவையற்றதாகிவிட்டது. இன்று கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நான்கு லைன் கைட்டுகளே.

ஆகவே என் பரிந்துரை நேரடியானது: புதிதாக வாங்குபவர், கற்றுக்கொண்டிருப்பவர், விடுமுறைக்கு மட்டும் ஓட்டுபவர், எல்லோருக்கும் நான்கு லைன். ஒரு லைன் குறைந்தால் சிக்கலும் குறையும். கைட் தலைகீழாகப் புரண்டு எழும்போது ஐந்தாவது லைன் அதைச் சுற்றிக்கொண்டுவிடுவதும் உண்டு. அப்போது கைட் நடுவில் இறுக்கிக் கட்டிய மூட்டை மாதிரி சுழல ஆரம்பிக்கும். சுற்றிய லைன் அவிழும் வரை அதை ஓட்ட முடியாது.

ஐந்து லைன் யாருக்கு? பழைய சி கைட்டை மலிவாக வாங்கியவருக்கு, ஹார்னஸிலிருந்து கொக்கியை அவிழ்த்துக் கைப்பலத்தில் தாவும் ஃப்ரீஸ்டைல் ஆட்களுக்கு. ஐந்து லைனுக்காகவே செய்த சில கைட்டுகளில் அந்த லைன் முன்விளிம்பு வளையாமல் தாங்கும் தூண் வேலையையும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு நான்கில் பறக்கவிட்டால் பலத்த காற்றில் கைட் உருக்குலையும். இரண்டு விதமாகவும் பறக்கும் மாடல்களும் உண்டு. கைட்டின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முடிவு, கடற்கரையில் நிற்கும் அண்ணன் சொல்வது அல்ல.

ஐந்தாவது லைனின் நீளம் தவறினால் உடனே தெரியும். கட்டையாக இருந்தால் முன்விளிம்பின் நடுவே உள்வாங்கும். நீளமாக இருந்தால் வயிறு வைத்துத் தொங்கும்.

இரண்டாம் படி: முன்லைன் எங்கே பிரிகிறது

பாரின் நடுவில் ஒன்றாகத் தொடங்கும் முன்லைன்கள் எங்கோ ஓரிடத்தில் V போலப் பிரிந்து கைட்டின் இரு பக்கத்துக்கும் போகும். பாரிலிருந்து சில மீட்டரிலேயே பிரிந்தால் தாழ்ந்த V. பாதி தூரத்துக்கு மேலும் சேர்ந்தே போய்க் கைட்டுக்கு அருகில் பிரிந்தால் உயர்ந்த V.

வித்தியாசம் கோணத்தில் இருக்கிறது. கைட்டின் இரு பக்க இணைப்புகளுக்கும் நடுவே 5 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 22 மீட்டர் லைனில் பாருக்கு 3 மீட்டர் மேலே பிரிந்தால் ஒவ்வொரு முன்லைனும் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 8 டிகிரி சாய்ந்து போகும். கைட்டுக்கு 6 மீட்டர் கீழே பிரிந்தால் அது 25 டிகிரி ஆகிவிடும். சாய்வு கூடினால் லைன்கள் இறக்கை நுனிகளை உள்பக்கமாக இழுக்கும், கைட்டின் வளைவு இறுகும். சாய்வு குறைந்தால் கைட் சற்று விரிந்து உட்காரும்.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் பிரைடிலை ஒரு குறிப்பிட்ட V உயரத்தை வைத்துத்தான் சோதித்து அமைத்திருப்பார்கள். வேறு கம்பெனி பாரைக் கைட்டோடு சேர்க்கும்போது வரும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான். கைட் கம்பெனி சொல்லும் உயரம் எதுவோ அதை வையுங்கள். சில பார்களில் V-யை மேலும் கீழும் நகர்த்த இரண்டு வளையம் இருக்கும், அப்படிப்பட்ட பார் கலப்பு ஜோடிகளுக்கு வசதி. பாராகிளைடர் போன்ற துணிக் கைட் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாகத் தாழ்ந்த V-தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஃபார்முலா கைட் பந்தயங்களில், மார்செய் கடலில் பறந்தவை அந்த வகைக் கைட்டுகள்.

மூன்றாம் படி: நீளம்

லைன் நீளம் மாறும்போது நான்கு விஷயங்கள் சேர்ந்து மாறுகின்றன. கடைக்காரர் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்.

முதலாவது, கைட் ஓடும் தூரம். தண்ணீரை ஒட்டிய ஓரத்திலிருந்து உங்கள் உச்சந்தலைக்கு மேல் வரை கைட் ஒரு கால் வட்டம் போகிறது. 24 மீட்டர் லைனில் அது கிட்டத்தட்ட 38 மீட்டர். 20-இல் 31. 12-இல் 19-க்கும் குறைவு. ஓடுபாதை நீண்டால் கைட் வேகம் பிடிக்க நேரம் கிடைக்கும், அந்த வேகமே இழுவை. ஆகவே காற்று குறைந்த நாளில் நீண்ட லைன் ஒரு சதுர மீட்டர் பெரிய கைட் போட்டது போல உதவும்.

இரண்டாவது, உயரம். தண்ணீர்ப் பரப்பில் உராய்வதால் கீழே காற்று மெதுவாகவும் மேலே போகப் போக வேகமாகவும் இருக்கும். திறந்த கடலில் உயரம் இரண்டு மடங்கானால் காற்று வேகம் தோராயமாக 8 சதவீதம் கூடும். இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 16 சதவீதத்துக்கு மேல். 12 மீட்டரிலிருந்து 24-க்குப் போகும்போது இது நிஜமாகவே உணரத் தெரியும். 20-இலிருந்து 22-க்கு என்றால் கற்பனைதான்.

மூன்றாவது, லைனின் சொந்த இழுவை. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் நான்கு லைன், ஒவ்வொன்றும் 22 மீட்டர் என்றால், காற்றை மறிக்கும் பரப்பு 0.13 சதுர மீட்டர் வருகிறது. உங்கள் பக்கத்து முனை அசையாமல் இருக்க, கைட் பக்கத்து முனைதான் முழு வேகத்தில் ஓடுகிறது. அதனால் கைட்டின் வேகத்தைத் தடுப்பது அந்தப் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. 12 சதுர மீட்டர் கைட்டுக்கு இது தூசு. 5 சதுர மீட்டர் கைட்டுக்கு அப்படியல்ல. சின்னக் கைட்டுக்கு நீண்ட, தடித்த லைன் போட்டால் மந்தமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, நேரம். நீண்ட லைனில் நீங்கள் பாரைத் திருப்பியதிலிருந்து கைட் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டும். கட்டை லைனில் அது உடனே மறுபக்கம் போய்விடும். அலையில் ஓட்டுபவர்கள் கட்டை லைனை விரும்புவது இதனால்தான். தண்ணீருக்கடியில் இறக்கை வைத்த ஹைட்ரோஃபாயில் பலகைக்காரர்களும் அப்படியே. பலகையே வேகமாக ஓடித் தனக்கான காற்றை உண்டாக்கிக்கொள்வதால் கைட்டுக்கு நீண்ட ஓடுபாதை தேவைப்படுவதில்லை.

இதையெல்லாம் வைத்து ஊருக்கு ஏற்ப முடிவு செய்வோம்.

கற்பிட்டியில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும். களப்பு தட்டையானது, சீசனில் கூட்டமும் உண்டு. அங்கே 20 அல்லது 22 மீட்டர் போதும். பக்கத்தில் ஓட்டுபவரின் லைனோடு சிக்காமல் இருப்பதே அங்கே பெரிய கவலை, கட்டை லைன் அதற்கு உதவும். டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அடிக்கும் குளிர்காலக் காற்று இதைவிட மென்மையானது. அப்போது 24-ஐ எடுக்கலாம்.

பாம்பன், மண்டபம் பக்கம் இரண்டு கடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் காற்று கடலிலிருந்து வரும். வடக்கே பாக் விரிகுடாக் கரையில் அதே காற்று நிலத்தைத் தாண்டி வந்து கடலை நோக்கிப் போகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆசை காட்டும். ஆனால் பனைமரங்களையும் வீடுகளையும் தாண்டி வரும் காற்று கரையோரத்தில் விட்டுவிட்டு வரும். நீண்ட லைன் கைட்டைச் சற்று மேலே, ஒழுங்கான காற்றில் நிறுத்தும் என்பது உண்மை. அதை நம்பித் துணைப்படகு இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. லைன் அறுந்தால் காற்று உங்களைக் கொண்டுபோகும் திசையில் இருப்பது சர்வதேசக் கடல் எல்லை. இந்தக் கடலில் அது எவ்வளவு பெரிய தலைவலி என்று மீனவரைக் கேட்டால் சொல்வார். வாடைக்காற்று மாதங்களில் நிலைமை நேர்மாறாகும்: வடகரைக்குக் காற்று உள்ளே வரும், தென்கரை ஆபத்தாகும்.

இன்னொரு விஷயம், இறங்கும் இடத்தின் அளவு. கைட் கிளப்பும்போது காற்று போகும் திசையில் லைன் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது வெற்றிடம் வேண்டும். 24 மீட்டர் லைனுக்கு ஏறக்குறைய 50 மீட்டர். கரையில் வள்ளங்களும் காயும் வலைகளும் மின்கம்பமும் இருக்கும் கிராமத்தில் அந்த 50 மீட்டரைத் தேடிப் பாருங்கள். இருக்கும் இடம்தான் லைனின் நீளத்தை முடிவு செய்யும் நாட்களும் உண்டு. மண்டபம் பக்கம் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் கரையை ஒட்டி மிதக்கும். அவற்றில் லைன் மாட்டினால் உங்களுக்கும் நஷ்டம், பாசி வளர்க்கும் அக்காமாருக்கும் நஷ்டம்.

கற்றுக்கொள்பவர்களுக்குப் பல பள்ளிகள் 10 முதல் 15 மீட்டர் லைனில் தொடங்குகின்றன. ஓடுபாதை குறைவு என்பதால் தப்பாகத் திருப்பினாலும் தூக்கி எறியாது. வானத்தில் உயரம் தாவி மிதக்கும் பிக் ஏர் ஆட்கள் நேர்மாறாக 24-ஐயும் அதற்கு மேலும் போவார்கள். தலைக்கு மேல் கைட் எவ்வளவு உயரமோ அவ்வளவு நேரம் தொங்கலாம்.

ஒரே ஒரு நீளம்தான் வாங்க முடியும் என்றால் 22 வாங்குங்கள். முடிந்தால் 20 மீட்டர் லைனும் அதோடு 2 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒரு செட்டும். நான்கு லைனுக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸ்டென்ஷனைக் கைட் பக்கம் சேர்த்தால் தாழ்ந்த V பாரிலிருந்து இருந்த தூரத்திலேயே இருக்கும், அதனால் அந்தப் பக்கமே சேருங்கள்.

பாரின் அகலத்தையும் கூடவே பாருங்கள். சின்னக் கைட்டுக்கு 45 சென்டிமீட்டர், பெரிய கைட்டுக்கு 52 அல்லது 55. அகலப் பார் பின்லைனை அதிகம் இழுப்பதால் 5 மீட்டர் கைட் அதில் வெறிபிடித்தது போலத் திரும்பும்.

நான்காம் படி: விடுவித்தால் என்ன ஆகிறது

இன்றைய நான்கு லைன் பார்களில் பெரும்பாலும் ஒரே முன்லைன் சேஃப்டி. சிக்கன் லூப்பை விடுவித்தால் பார் ஒரு முன்லைன் வழியாக மேலே வழுக்கிப் போகும், கைட் அந்த ஒற்றை லைனில் தொங்கிக் கொடிபோலப் படபடத்து விழும். பார் வழுக்கிப் போகும் தூரம் கைட்டின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரையுள்ள நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் கைட் முழுக்கச் சாகாது. தண்ணீரில் உருண்டு மறுபடி காற்றைப் பிடித்து உங்களை இழுக்கும்.

கட்டை லைன் வாங்குபவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 12 மீட்டர் லைனில் பெரிய கைட் போட்டால் அந்தத் தூரம் போதாமல் போகலாம். பழைய பாரில், பின்லைனில் லீஷ் மாட்டும் முறை இருந்தால் அதை அப்படியே கடலில் நம்ப வேண்டாம், பாரையே மாற்றுவது நல்லது. கொக்கி விடுவிப்புக்கு ஐ.எஸ்.ஓ. 21853 என்ற சர்வதேசத் தரம் 2020-இல் வந்தது. புதுப் பார் வாங்கும்போது அந்த எண்ணைத் தேடுங்கள்.

புது லைனோ புது நீளமோ போட்டால், ஆழமில்லாத தண்ணீரில், மிதமான காற்றில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது ஒருமுறை நிஜமாகவே விடுவித்துப் பாருங்கள். கைட் விழுந்து அடங்கிக் கிடக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே வெளியே போங்கள்.

ஐந்தாம் படி: சமப்படுத்துவது

கைட் லைன் டைனீமா அல்லது ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் வரும் பாலிஎத்திலீன் நாரால் பின்னியது. ரப்பர் போல நீளாது, ஆனால் நாளாக ஆக நீளும். பின்னல் இறுகும்போது கொஞ்சம், தொடர்ந்து எடை தாங்குவதால் கொஞ்சம். முன்லைன் அதிகம் தாங்குவதால் அதிகம் நீளும். பின்லைனில் மணலும் உப்பும் ஏறி அது சுருங்கக்கூட செய்யும். முடிவு எப்போதும் ஒரே திசையில்தான்: பின்லைன் ஒப்பீட்டில் கட்டையாகிவிடும். புது லைன் இன்னும் வேகமாக மாறும். வாங்கிய முதல் சில நாட்களுக்குள்ளேயே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

செய்முறை:

மரத்திலோ கம்பத்திலோ உறுதியான ஓர் ஆணி அல்லது கொக்கியைத் தேர்ந்தெடுங்கள். நான்கு லைனின் கைட் பக்கத்து முனைகளையும் அதே ஓர் இடத்தில் மாட்டுங்கள். முனைகளில் இரண்டு கண்ணியாகவும் இரண்டு முடிச்சாகவும் இருக்கும். கைட்டில் மாற்றிக் கட்டிவிடாமல் இருக்கவே முன்னும் பின்னும் எதிரெதிராக வைத்திருக்கிறார்கள். கண்ணிக்கும் முடிச்சுக்கும் உள்ள நீள வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க, முடிச்சு முனைகளில் ஒரே நீளத்தில் சின்னக் கயிற்றுக் கண்ணி போட்டு மாட்டுவது வழக்கம். எவ்வளவு நீளம் என்று பாரின் கையேட்டில் பாருங்கள்.

அடுத்து, முன்லைன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிம் கயிற்றை முழுக்கத் தளர்த்துங்கள், அதாவது முழு இழுவை நிலையில் வையுங்கள். லைன்கள் ஒன்றையொன்று சுற்றாமல் விரித்துவிட்டுச் சிக்கன் லூப்பை ஹார்னஸில் மாட்டிப் பின்னால் சாயுங்கள். பாரை முழுக்க உள்ளே இழுங்கள். நான்கும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். பார் ஆணிக்கு நேர் குறுக்காக நிற்க வேண்டும், ஒருபக்கம் சாயக் கூடாது.

பார் சாய்ந்தால் இடது, வலது பின்லைன்கள் சமமில்லை. ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். பார் நேராக இருந்து பின்லைன்கள் மட்டும் விறைப்பாகவும் முன்லைன்கள் தொய்வாகவும் இருந்தால் பின்லைன் கட்டை. பார் முனையில் மிதவைக்குள் இருக்கும் லீடர் கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். பின்லைனை அவிழ்த்துப் பாரிலிருந்து தள்ளியிருக்கும் அடுத்த முடிச்சுக்கு மாற்றினால் அது நீளும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை மாற்றுங்கள்.

லீடரில் இடம் முடிந்துவிட்டால் சுருங்கிய லைனை இழுத்து நீட்டப் பார்க்கலாம். நன்னீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டு, ஆணியில் மாட்டி உடல் எடையைச் சாய்த்துச் சில நிமிடம் பிடித்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். லைனை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிப் பிடிக்காதீர்கள். மாஞ்சா போலக் கண்ணாடித்தூள் இல்லைதான், ஆனால் எடை ஏறிய டைனீமா சதையை அதே அளவு அழகாக வெட்டும். ஒரு கட்டையைச் சுற்றிப் பிடியுங்கள்.

முன்லைன் இரண்டும் சமமில்லாவிட்டால் லீடரில் சரிசெய்ய முடியாத பார்களும் உண்டு. அப்படியானால் லைன் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஆறாம் படி: வானத்தில் பார்ப்பது

தரையில் அளந்தது சரிதானா என்பதைக் கைட்டே சொல்லிவிடும். மிதமான காற்றில், கைட்டைத் தலைக்கு மேல் நிறுத்துங்கள்.

பாரைப் பாதி இழுத்ததுமே கைட் பின்னால் நழுவி விழப் பார்த்தால், திருப்பினால் சோம்பேறித்தனமாகத் திரும்பினால், பின்லைன் கட்டை. மிக அதிகமாகக் காணப்படும் நோய் இதுதான். "கைட் பழசாகிவிட்டது" என்று விற்கப்படும் கைட்டுகளில் பலவற்றுக்கு இருப்பது இதுவே. தற்காலிகமாக டிரிம்மை ஒரு கை அளவு இழுத்து ஓட்டலாம், கரைக்கு வந்ததும் முடிச்சை மாற்றுங்கள்.

பாரை வயிறு வரை இழுத்தால்தான் திரும்புகிறது, பின்லைன்கள் எப்போதும் பெரிய வளைவாகத் தொங்குகின்றன, கைட் தலையைத் தாண்டி முன்னால் போய்க் காற்றிழந்து விழுகிறது என்றால் பின்லைன் அதிக நீளம். அடுத்த முடிச்சுக்குள் வாருங்கள். பார் முழுக்க வெளியே இருக்கும்போது பின்லைன் லேசாகத் தொய்வது மட்டும் இயல்பு, அதைத் திருத்தப் போக வேண்டாம்.

பாரை நேராகப் பிடித்தும் கைட் ஒரே பக்கம் போனால் இடது வலது சமமில்லை. அந்த முடிவுக்கு வரும் முன் கைட்டின் பிரைடிலையும் பாருங்கள். பிரைடில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். இடதுபக்கம் சிவப்பு என்பது பார்களில் பொதுவான வழக்கம். மாற்றிக் கட்டிவிட்டால் கைட் எதிர்த்திசையில் திரும்பும், கிளப்பிய அடுத்த நொடியே தெரியும். உடனே விடுவியுங்கள், சரிசெய்துகொண்டே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

பழைய லைனும் அறுந்த லைனும்

டைனீமா தண்ணீரில் மிதக்கும், தண்ணீரை விட எடை குறைவு. நல்லதுதான், ஆனால் விழுந்த கைட்டின் லைன்கள் காலைச் சுற்றுவதும் வள்ளத்தின் புரொப்பெல்லரில் மாட்டுவதும் இதனால்தான். 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும் நார் இது. அதனால்தான் இரண்டு கைட்டுகள் சிக்கி ஒரு லைன் மற்றொன்றின் ஒரே இடத்தில் தேய்த்தால் சில நொடிகளில் அறுத்துவிடும். சிக்கிக்கொண்டால் இழுத்து விடுவிக்கப் பார்க்காமல் இருவரும் சேஃப்டியை விடுவிப்பதே வழி.

லைனில் தானாக விழும் முடிச்சை அலட்சியம் செய்யாதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் டைனீமாவின் பலம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். எடை ஏறும் முன்பே அவிழ்த்துவிட வேண்டும், ஒருமுறை தாவிய பிறகு அது கல்லாகிவிடும். அறுந்த லைனை முடிச்சுப் போட்டுச் சேர்த்து ஓட்டுவது அன்றைக்குக் கரைக்கு வந்து சேர மட்டும்தான்.

விரல்களுக்கிடையே லைனை ஓடவிட்டுப் பாருங்கள். மயிர் எழும்பிய இடம், தட்டையான இடம், கடினமாகி மெழுகு போல ஆன இடம் மூன்றும் கெட்ட அறிகுறி. கைட்டோடு சேரும் கண்ணிகளும் V பிரியும் இடமும் முதலில் போகும்.

பின்லைன் ஒன்று அறுந்தால் பாரை முழுக்க விட்டுவிடுங்கள், கைட் முன்லைனில் இழுவையிழந்து பெரும்பாலும் இறங்கிவிடும். மற்ற பின்லைனை மட்டும் இழுத்தால் சுழல ஆரம்பிக்கும். முன்லைன் அறுந்தால் யோசிக்க நேரமில்லை, சிக்கன் லூப்பைத் தள்ளிவிடுங்கள்.

ஒரு லைன் போனால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். பழையது நீண்டு முடித்திருக்கும், புதியது இனிமேல்தான் நீளும். ஜோடியாகவாவது மாற்றுங்கள். முன்லைன் என்றால் நான்கையும் மாற்றிவிட்டு, அந்த வாரமே மறுபடி ஆணியில் மாட்டி அளந்துவிடுங்கள்.